டீட்டோ ரொட்ரிகஸின் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்: பாட்டுச் செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பாடல்களை இணையத்தில் ஒலிக்கவிடும் செயலி நிறுவனங்களுக்கும், அந்த ஒலிப்பதிவுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும்,

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய செயலியில், கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற பாடகர் டீட்டோ ரொட்ரிகஸின் பக்கம் தலைகீழாக மாறிப்போனது. அவர் 1963-ல் பாடிய பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டைத் தொட்டால் வேறு யாரோ பாடுகிறார். பெயர் மட்டும் அவருடையது. பேர்ட்லேண்ட் விடுதியில் ரசிகர்கள் முன்னால் பதிவான இசைத்தட்டைக் காணோம். அதே பாட்டுகள் கைதட்டலை வெட்டிவிட்டு, 'புதுப்பிக்கப்பட்ட ஒலி' என்ற முத்திரையோடு, வெளியான ஆண்டு 2021 என்ற பொய்யோடு வந்து உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தின் உச்சியில் இருக்கும் படத்தில் சிரிப்பவர் டீட்டோ ரொட்ரிகஸே இல்லை. அவருக்குப் போட்டியாகக் குழு நடத்திய டீட்டோ புவெந்தே.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். உரிமையாளர் கொடுத்ததைத்தான் போட்டிருக்கிறோம், அவரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. உரிமையாளர் என்று அங்கே காட்டியிருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பக்கத்தில் என்ன தெரிகிறது என்பது செயலியின் பொறுப்பு என்று பதில் வந்தது. இரண்டையும் எழுதியது மனிதர் இல்லை என்பது படித்தவுடனே தெரிந்தது. அதனால்தான் இப்போது நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். தமிழில் ஏன் என்று கேட்கலாம். இந்தத் தரவுகளை அன்றாடம் கையாளும் பொறியாளர்களில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. என் சொந்தக்காரர்களிலேயே அப்படிச் சிலர் உண்டு. மேலதிகாரிக்கு எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஆள் கிடைப்பார்கள்.

நான் நியூயார்க் பிராங்க்ஸில், முதியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போகும் ஒரு மையத்தில் பிசியோதெரபிஸ்ட். வருகிறவர்களில் பெரும்பாலோர் 1940களிலும் 50களிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடிவந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எண்பதைத் தாண்டியவர்கள். சிலருக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, சிலருக்குப் பார்க்கின்சன், சிலருக்கு நினைவு மங்கிவருகிறது. வாக்கரைப் பிடித்து நடங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள், மாம்போ என்ற கியூப நடன இசையில் ஒன்றைப் போட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால்களை மாற்றி மாற்றித் தூக்குவார்கள். பொலேரோ போட்டால் எழுந்து நிற்பார்கள். நான் எதிரே நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டால் போதும், எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றும் பயிற்சி தானாக நடந்துவிடும். நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு ரொட்ரிகஸைச் சிபாரிசு செய்யவில்லை. இளமையில் ஆடிப் பழகிய உடம்புகள் அவரைக் கேட்டன, அவ்வளவுதான்.

பக்கம் மாறிய வாரத்தில் வழக்கம்போல அந்தப் பொலேரோவைப் போட்டேன். வயலின்கள் தொடங்கின. ஏறக்குறைய அதே வேகம், அதே இசை ஏற்பாடு. என் கையைப் பிடித்து நின்றிருந்த அம்மாவுக்கு மகளின் பெயர் சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது. முதல் வரி முடிவதற்குள் கையை உருவிக்கொண்டு, "இது அவன் இல்லை" என்றார். அப்புறம் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் மறுபடி எழுந்திருக்கவில்லை. மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். உங்கள் கணினிக்குக் கேட்காத வித்தியாசம் அவர்களுக்குக் கேட்டது.

படத்தை மாற்றிப் போட்ட உங்களுக்கும், இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்கும் சேர்த்தே அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

டீட்டோ ரொட்ரிகஸ் என்று அறியப்பட்ட பாப்லோ ரொட்ரிகஸ் லொசாடா 1923 ஜனவரி 4 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில், சாந்துர்சே பகுதியில் பிறந்தவர். அண்ணன் ஜானி ரொட்ரிகஸ் அவருக்கு முன்பே பாடகர், பாட்டு எழுதுபவர். பதின்ம வயதில் நியூயார்க்குக்கு அந்த அண்ணனிடம் வந்து சேர்ந்தார். ஸேவியர் கூகாட் குழு உட்படப் பல குழுக்களில் பாடினார், கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார், 1946 வாக்கில் ஹோசே குர்பேலோவின் குழுவில் சேர்ந்தார். அதே குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்தான் டீட்டோ புவெந்தே. இரண்டு டீட்டோக்களும் ஒரே மேடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். பிறகு தனித்தனியாகக் குழு தொடங்கி எதிரும் புதிருமாக நின்றார்கள். ரொட்ரிகஸ் தன் முதல் குழுவுக்கு வைத்த பெயர் 'மாம்போ டெவில்ஸ்'.

பல்லேடியம் நடன அரங்கைப் பற்றி எங்கள் மையத்தில் கேட்டுப்பாருங்கள், மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசுவார்கள். பிராட்வேயும் 53-ம் தெருவும் சேரும் இடத்தில் மாடியில் இருந்தது. 1940களின் கடைசியில் கூட்டமில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அரங்கு, மாம்போ வந்ததும் நிரம்பி வழிந்தது. புதன்கிழமை இரவுகளில் நடன வகுப்பும் போட்டியும் நடக்கும், சினிமாக்காரர்களும் வந்து போவார்கள். அந்தக் கால நியூயார்க்கில் கறுப்பர்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் யூதர்களும் இத்தாலியர்களும் ஒரே தளத்தில் கைகோத்து ஆடிய இடம் என்றால் அதன் அருமை புரியும். மேடையில் மூன்று பெரிய குழுக்கள்: மச்சீட்டோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரொட்ரிகஸ். விளம்பரத்தில் யார் பெயர் மேலே வரவேண்டும் என்று இரண்டு டீட்டோக்களுக்கும் நடந்த சண்டை ஊர் அறிந்தது. ஒப்பந்தம் பேசும்போதே பெயரின் இடத்தையும் பேசினார்கள். பாட்டிலேயே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டார்கள்.

இப்போது அந்த ரொட்ரிகஸின் பக்கத்தில் புவெந்தேயின் படத்தை வைத்திருக்கிறீர்கள். எங்கள் மையத்துப் பெரியவர் ஒருவர் இதைப் பார்த்து இருமல் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வெறும் மாம்போ பாடகராக இருந்திருந்தால் காலம் அவரைப் பல்லேடியத்தோடு மூடிவைத்திருக்கும். அந்த அரங்கு 1961-ல் மது உரிமத்தை இழந்தது, 1966-ல் மூடப்பட்டது. அதற்குள் ரொட்ரிகஸ் பொலேரோவுக்கு நகர்ந்திருந்தார். பொலேரோ என்பது 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கியூபாவின் கிழக்குக் கோடியில், சாந்தியாகோ நகரத்தில் கிதார் பாடகர்களிடம் உருவான மெதுவான காதல் பாட்டு. அங்கிருந்து மெக்சிகோவுக்கும், பிறகு ஸ்பானிய மொழி பேசும் எல்லா ஊர்களுக்கும் போனது. 2023-ல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. கியூபப் பியானோ கலைஞர் ஹூலியோ குட்டியெரெஸ் 1940களில் எழுதிய 'இனோல்விடாப்லே' என்ற பொலேரோவை எடுத்து, வயலின் குழுவை வைத்து, 1963-ல் ரொட்ரிகஸ் பாடினார். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது என்பார்கள். விற்ற எண்ணிக்கையை விடுங்கள். எங்கள் மையத்தில் அந்தப் பாட்டுக்கு வாயசைக்காதவர் இல்லை.

பாட்டைக் கேட்டால் அவர் என்ன செய்கிறார் என்று தெரியும். குரலை உயர்த்தி அழமாட்டார். பெரிய குழு பின்னால் முழங்கும்போதும் மைக்குக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறவர் மாதிரி பாடுவார். தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வார்த்தையை வைப்பார், வரியின் முடிவில் மூச்சைப் பிடித்து நிறுத்தி, அடுத்த அடிக்குச் சரியாக வந்து சேர்வார். நடனக் குழுவை வருடக்கணக்கில் நடத்திய ஆளுக்குத்தான் அந்தத் தைரியம் வரும். தாளம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், தேட வேண்டியதில்லை. என் மையத்து முதியவர்கள் இடது காலிலிருந்து வலது காலுக்கு எடையை மாற்றுவது அந்தப் பின்தங்கலில்தான். உங்கள் மாற்றுப் பாடகர் தாளத்தின் மேலேயே வார்த்தையை வைக்கிறார். நல்ல குரல்தான், அவரைக் குறை சொல்லவில்லை. அவர் பெயரிலேயே அந்தப் பாட்டைப் போட்டிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அடுத்து, வேரோடு பிடுங்கிய அந்தப் பேர்ட்லேண்ட் இசைத்தட்டு. பேர்ட்லேண்ட் ஒரு ஜாஸ் விடுதி, அதே பிராட்வேயில் பல்லேடியத்துக்கு ஒரு தெரு தள்ளி இருந்தது. நடனக்காரர்கள் ஒரு வாசலிலும் ஜாஸ் ரசிகர்கள் இன்னொரு வாசலிலும் நுழைந்த காலத்தில், ரொட்ரிகஸ் தன் குழுவோடு அந்த இரண்டாவது வாசலுக்குள் போனார். ஸூட் சிம்ஸ், அல் கோன், கிளார்க் டெர்ரி, பாப் ப்ரூக்மையர் என்று ஜாஸ் உலகின் பெரிய கைகள் அவரோடு வாசித்தார்கள். 1963-ல் வெளியான அந்தத் தட்டில் ஒரு தனி வாசிப்பு முடிந்ததும் எழும் கைதட்டல்தான், ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் இசையை ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சி. அதைத்தான் 'இரைச்சல்' என்று வெட்டியிருக்கிறீர்கள். வாசித்தவர்கள் பெயர்களும் போய்விட்டன. உங்கள் பக்கத்தில் இப்போது இருப்பது: பாடியவர், டீட்டோ ரொட்ரிகஸ். எழுதியவர், வெற்றிடம். இசைக் கலைஞர்கள் என்ற வரியே இல்லை.

இதில் என்ன குடிமுழுகிப் போனது என்று கேட்பவருக்கு ஒரே ஒரு உதாரணம். மாம்போவின் வேர் 1938-ல் ஒரஸ்தெஸ் லோபஸ் ஹவானாவில் எழுதிய 'மாம்போ' என்ற தான்சோனில் (தான்சோன் என்பது கியூப நடன இசை வகை) இருக்கிறது. அவரும் அவர் தம்பி இஸ்ரேல் லோபஸும் சேர்ந்துதான் அந்தப் பாணியை வளர்த்தார்கள். 'கச்சாவோ' என்று அழைக்கப்பட்ட அந்தத் தம்பி, 1960களில் கியூபாவை விட்டு நியூயார்க் வந்தபோது பாஸ் வாசித்த குழுக்களில் ஒன்று ரொட்ரிகஸுடையது. அதாவது மாம்போவை உருவாக்கியவர்களில் ஒருவரே மாம்போ குழுவில் பின்வரிசையில் நின்று வாசித்திருக்கிறார். இது இசை வரலாற்றில் சின்ன விஷயமா? உங்கள் செயலியில் கச்சாவோவின் பெயரைப் போட்டுத் தேடினால் இந்தப் பதிவுகள் வராது. 1958 முதல் 1960 வரை ரொட்ரிகஸின் பியானோக்காரர் எடி பால்மியேரி. பிற்பாடு சல்சாவின் போக்கையே மாற்றியவர். அவரைத் தேடினாலும் வராது. இசை ஏற்பாடுகள் செய்த ரே சாந்தோஸ், சாக்ஸஃபோன் வாசித்த மாரியோ ரிவேரா, யாரும் வரமாட்டார்கள்.

சரி, அந்தக் காலத்து அட்டைகளும் எல்லார் பெயரையும் போட்டதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அட்டையின் பின்பக்கத்தில் நாலு பத்தி புகழுரைக்கு இடம் இருந்தது, காங்கா மேளம் வாசித்தவனுக்கு இடம் இல்லை. ஆனால் அவர்களுக்கு 12 அங்குல அட்டை. உங்களுக்கு எந்த அளவும் கிடையாது. அன்று விட்டுப்போனதை இன்று சேர்க்கும் வசதி இருந்தும், அன்று இருந்ததையும் அழித்திருக்கிறீர்கள்.

ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் தரவுப் படிவத்தில் இப்போதைய வெளியீட்டு நாளுக்கு ஒரு கட்டமும், முதன்முதலில் வெளியான நாளுக்கு இன்னொரு கட்டமும் தனித்தனியாகவே இருக்கின்றன. முதல் கட்டம் கட்டாயம் என்பதால் நிரப்புகிறீர்கள். இரண்டாவதைக் காலியாக விடுகிறீர்கள், அல்லது முதலாவதையே அங்கேயும் போடுகிறீர்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கொடுக்கும் ஐஎஸ்ஆர்சி எண்ணின் நடுவில் இருக்கும் இரண்டு இலக்கங்களும் எண் ஒதுக்கிய ஆண்டைத்தான் சொல்லும், பாடிய ஆண்டை இல்லை. விளைவு, 1973-ல் இறந்தவர் 2021-ல் புது இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார். ஒரு கல்லூரி மாணவி எங்கள் மையத்துக்குத் தன்னார்வலராக வந்தாள். அவர் இன்னும் பாடுகிறாரா, கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை.

1950களின் மாம்போக்களின் கதை இன்னும் மோசம். அவற்றைத் தேடினால் ஒரே பாட்டு டஜன் கணக்கான தொகுப்புகளில் வருகிறது. கடற்கரைப் படம், காக்டெய்ல் கோப்பைப் படம், 'லத்தீன் விருந்து இரவு' என்று தலைப்பு. இதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமைக்கு முன்பு 50 ஆண்டுதான் ஆயுள். 2013-ல் அதை 70 ஆக்கியபோது, 1962 வரை வெளியான தட்டுகள் ஏற்கெனவே காலாவதியாகியிருந்தன. அவற்றுக்கு உரிமை திரும்பவில்லை. ஆகவே அங்கே யார் வேண்டுமானாலும் பழைய தட்டைச் சுரண்டி, ஒரு படத்தை ஒட்டி, உங்கள் செயலியில் ஏற்றலாம். அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். 2018-ல் வந்த சட்டப்படி 1947 முதல் 1956 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 110 ஆண்டுப் பாதுகாப்பு. அங்கே கேட்பாரில்லாத சொத்து, இங்கே பூட்டிய பெட்டி. ஐரோப்பாவில் தொகுத்தவருக்கு முகவரி தேவையில்லை, இங்கே சாவி வைத்திருப்பவருக்குப் பெட்டியைத் திறக்க நேரமில்லை. சட்டம் உங்களுடையது இல்லைதான். ஆனால் எது மூலம், எது ஒட்டுவேலை என்று பிரித்துக் காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. தேடல் முடிவில் எது முதலில் வரவேண்டும் என்று தீர்மானிப்பது நீங்கள்தானே?

இன்னொரு குழப்பம் மகனைப் பற்றியது. டீட்டோ ரொட்ரிகஸ் ஜூனியரும் இசைக்கலைஞர், அப்பாவின் மரபில் சொந்தமாகக் குழு நடத்துபவர். அவர் தட்டுகளில் சில அப்பாவின் பக்கத்துக்கு வந்துவிட்டன. நம்மூரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், அதற்காக ரேஷன் அட்டையில் இருவரையும் ஒரே ஆளாகவா எழுதுகிறார்கள்?

பணத்தையும் பேசவேண்டும். கேட்பவருக்கு ஒரு பாட்டு. கணக்கில் அது இரண்டு சொத்து. ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமையாளர், எழுதி இசையமைத்தவருக்கு இன்னொரு உரிமை. எழுதியவர் கட்டம் காலியாக இருந்தால் அவருடைய பங்கு போய்ச் சேர வழியில்லை. இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் இதற்காகவே சட்டப்படி ஏற்படுத்தப்பட்ட மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் அமைப்பிடம், யாருக்குச் சேரவேண்டும் என்று தெரியாமல் தேங்கியிருந்த பணம் என்று 2021-ல் செயலி நிறுவனங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது ஏறத்தாழ 42 கோடியே 40 லட்சம் டாலர். அதில் லத்தீன் பாட்டுகளின் பங்கை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் குட்டியெரெஸ் என்ற பெயரைத் தட்டச்சு செய்ய ஆகும் செலவு என்ன என்று எனக்குத் தெரியும். நம் தமிழ்ப் படப் பாட்டுகளுக்கும் உங்கள் செயலிகளில் இதே கதிதான். பாட்டு எழுதியவர் பெயர் இருக்காது, சில இடங்களில் நடித்தவர் பெயர் பாடியவர் இடத்தில் இருக்கும். அதற்குத் தனியாக வேறு யாராவது எழுதவேண்டும்.

ரொட்ரிகஸின் கடைசிக் காலத்தையும் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 1960களின் நடுவில் அவர் சொந்த ஊரான புவேர்ட்டோ ரிக்கோவுக்குத் திரும்பினார். தொலைக்காட்சியில் தன் பெயரில் நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் நியூயார்க்கிலிருந்து வந்தவர் என்று அங்கே தன்னை முழுசாக ஏற்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அங்கிருந்து ஃபுளோரிடா போனார். 1971-ல் டிஆர் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். பதிவும் உரிமையும் பெயரும் தன் கையிலேயே இருக்கவேண்டும் என்று நினைத்த மனிதர். அதற்குள் ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது. 1973 பிப்ரவரி 2 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மச்சீட்டோவின் குழுவோடு பாடினார். அந்த மாதம் 28-ம் தேதி இறந்தார். வயது 50. விளம்பரத்தில் பெயர் எங்கே வரவேண்டும் என்று போராடி, கடைசியில் தன் தட்டைத் தானே வெளியிட்டவருடைய பக்கத்தை, உரிமையாளர் கொடுத்ததைப் போட்டோம் என்ற ஒரே வரியில் கைகழுவப் பார்க்கிறீர்கள்.

சரியான தகவல் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் திண்டாடவும் வேண்டியதில்லை. மயாமியில் ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபல் டியாஸ் அயாலா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கியூப, லத்தீன் அமெரிக்க இசைத் தொகுப்பு இருக்கிறது. அவர் தொகுத்த இசைத்தட்டுப் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரொந்தேரா தொகுப்பில் தட்டுகளின் நடுவில் ஒட்டிய சீட்டுகளின் படங்களே உண்டு. நியூயார்க்கில் ஹண்டர் கல்லூரியில் புவேர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையம் இருக்கிறது. இங்கேயெல்லாம் பதில் சொல்ல மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி கொடுத்துக் கேட்டால் இன்னும் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

நான் கேட்பது இவை.

ரொட்ரிகஸின் பக்கத்திலிருந்து புவெந்தேயின் படத்தை எடுங்கள். அவர் பாடாத பாட்டுகளை அவர் பெயரிலிருந்து நீக்கி, பாடியவர் பெயரில் போடுங்கள். மகனுடைய தட்டுகளை மகனின் பக்கத்துக்கு மாற்றுங்கள். இந்த மூன்றுக்கும் எந்த வழக்கறிஞரும் தேவையில்லை, எந்தக் கூட்டமும் தேவையில்லை. ஒரு ஊழியரின் அரை நாள் வேலை.

பேர்ட்லேண்ட் பதிவை 1963-ல் வெளியான வடிவத்திலேயே, கைதட்டலோடு, திரும்பப் போடுங்கள். சுத்தப்படுத்திய வடிவமும் இருந்துவிட்டுப் போகட்டும், அதை விரும்புபவர்கள் கேட்கட்டும். ஆனால் புதியதை ஏற்றும்போது பழையதைத் தூக்கும் வழக்கத்தை இந்த ஒரு தட்டுக்கு மட்டுமில்லாமல் எல்லாப் பழைய பதிவுகளுக்கும் நிறுத்துங்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே, இது முதலில் உங்களுக்கு. பூட்டி வைக்கத்தான் 110 ஆண்டு வாங்கினீர்கள் என்று ஆகிவிடக்கூடாது.

முதலில் வெளியான ஆண்டு இல்லாமல் எந்தப் பழைய பதிவையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டத்தையும், எழுதியவர் கட்டத்தையும், கட்டாயமாக்குங்கள். செயலியில் கேட்பவர் கண்ணுக்குத் தெரியும் ஆண்டு அதுவாகவே இருக்கட்டும். வாசித்தவர்கள், இசை ஏற்பாடு செய்தவர்கள் பெயர்களைச் சேர்க்கும் வேலையை மேலே சொன்ன காப்பகங்களிடம் பணம் கொடுத்து ஒப்படையுங்கள். லத்தீன் பெரிய குழுக்களின் 1947 முதல் 1973 வரையிலான பதிவுகளிலிருந்து தொடங்கலாம். அந்த மேடைகளில் வாசித்தவர்களிலும், கீழே ஆடியவர்களிலும் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள், அதிக காலம் காத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக, புகாருக்கு ஒரு முகவரி. செயலியும் உரிமையாளரும் சேர்ந்து ஒரே இடத்தை அறிவியுங்கள். அங்கே வரும் புகாருக்கு 30 நாளுக்குள் மனிதர் ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பதில் எழுதவேண்டும். திருத்தினோம், அல்லது இன்ன காரணத்தால் திருத்தவில்லை என்று. உரிமையாளரைக் கேளுங்கள், செயலியைக் கேளுங்கள் என்ற இரண்டு பதில்களும் அங்கே செல்லுபடியாகக் கூடாது.

படமும் ஆள்மாறாட்டமும் இந்த வாரமே தீரக்கூடியவை என்பதால் அவற்றுக்குக் காத்திருக்கிறேன். மற்றவற்றுக்கு எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். என் முந்தைய இரண்டு மின்னஞ்சல்களும் உங்கள் பெட்டியில் இருக்கின்றன, என் முகவரி அதிலேயே உண்டு.

இப்படிக்கு,
பிராங்க்ஸிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்